கவனக்குறைவு என்று எழுதுவதற்கு முன்

ஒரு வேலை பிசகிவிட்டால், அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டத்தில் முதலில் வந்து உட்காரும் சொல் கவனக்குறைவு. அடுத்த கட்டத்தில், 'இனி கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது'. கோப்பு மூடப்படும். காய்ச்சல்காரரின் சீட்டில் நோயின் பெயராக 'உடம்பு சூடு' என்று எழுதுவதும் இதுவும் ஒன்றுதான். கவனம் எத்தனை நிமிடத்தில் குறைகிறது, எந்த மாதிரி வேலையில் குறைகிறது, எதை மாற்றினால் திரும்புகிறது என்பதையெல்லாம் நூறு வருடத்துக்கும் மேலாக அளந்து வைத்திருக்கிறார்கள். அதில் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவற்றை மட்டும் இங்கே பார்க்கலாம்.

'செயல்திறனைப் பாதிக்கும் பத்து விஷயங்கள்' என்ற வகைப் பட்டியல்களால் பெரிய பயன் கிடையாது. தூக்கம், சத்தம், வெப்பம், அவசரம், பாராட்டு என எதை எடுத்தாலும், அது எல்லா வேலையையும் ஒரே மாதிரித் தொடுவதில்லை. ஒரு வேலையைக் கெடுப்பதே இன்னொன்றைத் தூக்கிவிடும். அதனால் 'எந்தக் காரணி?' என்று கேட்பதற்கு முன்னால் 'இது என்ன மாதிரி வேலை?' என்று கேட்க வேண்டும். கண் வைத்துக் காத்திருக்கும் வேலையா, படிப்படியாகச் செய்து முடிக்கும் வேலையா, யோசித்துக் கண்டுபிடிக்கும் வேலையா, கை பழகிய வேலையா? இதைப் பிரிக்காமல் எந்த ஆய்வு முடிவைப் பயன்படுத்தினாலும் பாதி நேரம் தவறாகத்தான் போகும்.

ஒரே மாதிரி இரண்டு கைப்பிடிகள்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஒரு விசித்திரமான விபத்து திரும்பத் திரும்ப நடந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிடும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது விமானி இறக்கை மடிப்பை (தரையிறங்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் தகட்டை) உள்ளிழுப்பதாக நினைத்துச் சக்கரத்தை உள்ளிழுத்துவிடுவார். வயிற்றில் உரசி நிற்கும். விமானியின் தவறு என்றே பதிவானது. அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கும் மடிப்புக்கும் உள்ள கட்டுப்பாடுகள் ஒரே வடிவில், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அப்படி அடுத்தடுத்து வைக்காத சி-47 விமானத்தில் இந்தத் தவறு நடக்கவில்லை. விமானிகளும் அதே ரகம், பயிற்சியும் அதே ரகம். சக்கரக் கைப்பிடியின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரம், மடிப்புக் கைப்பிடியில் ஆப்பு வடிவத் துண்டு. அவர் சொன்ன மருந்து அவ்வளவுதான். தொட்ட மாத்திரத்தில் எது எது என்று விரலுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கரத்தை இயக்கும் கைப்பிடியின் நுனி சக்கர வடிவத்தில்தான் இருக்கிறது.

1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 'விமானியின் பிழை' என்று சொல்லப்பட்ட 460 அனுபவங்களைத் திரட்டி வகை பிரித்தார்கள். அதில் பெரிய குவியல், ஒரு கட்டுப்பாட்டை இன்னொன்று என்று நினைத்துத் தொட்டதுதான். இது எப்போது நடக்கும் என்பதைக் கவனியுங்கள். புதியவருக்கு மட்டும் அல்ல, கை பழகியவருக்கும். புதியவர் பார்த்துப் பார்த்துத் தொடுவார். பழகியவரின் கை தானாகப் போகும். 'அனுபவசாலி இப்படிச் செய்யலாமா' என்று கேட்பவர்கள், இந்த வகைப் பிழைக்கு அனுபவமும் ஒரு காரணம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. முக்கிய நோக்கம் நிறைவேறிய பிறகு மிச்சம் இருக்கும் கடைசிப் படி மறந்துபோவது. நகலெடுத்த தாள் கையில் வந்ததும் மூலத் தாளைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டு வருவது எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். மூளையைப் பொறுத்தவரை நகல் கிடைத்ததும் வேலை முடிந்தது. 'மறக்காதீர்கள்' என்று ஸ்டிக்கர் ஒட்டினால் ஒரு வாரம் வேலை செய்யும், பிறகு சுவரோடு சுவராகிவிடும். மாற்ற வேண்டியது வரிசை. பணம் எடுக்கும் பல இயந்திரங்கள் முதலில் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, அதை எடுத்த பிறகே பணத்தைத் தள்ளுவது இதற்காகத்தான். உங்கள் வேலையில் ஒரு படி அடிக்கடி விட்டுப்போகிறது என்றால், அது பலன் கைக்கு வந்த பின் வரும் படியா என்று பாருங்கள். ஆமாம் என்றால் அதைப் பலனுக்கு முன்னால் தள்ள வழி தேடுங்கள்.

காத்திருக்கும் வேலை

ஒன்றும் நடக்காமல் கண் மட்டும் வைத்திருக்க வேண்டிய வேலை சுகமான வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். அளவைகளின்படி இதுதான் சீக்கிரம் கெடும் வேலை. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நீர்மூழ்கிகளைத் தவறவிடுகிறார்களே என்று பிரிட்டிஷ் விமானப்படைக்குக் கவலை வந்தபோது, நார்மன் மேக்வொர்த் ஒரு கருவி செய்தார். எண்கள் இல்லாத வெறும் கடிகார முகம். ஒரு முள், ஒரு சுற்றுக்கு 100 நகர்வு, நொடிக்கு ஒரு நகர்வு. எப்போதாவது ஒருமுறை இரண்டு நகர்வு தூரத்தை ஒரேயடியாகத் தாவும். தாவினால் விசையை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணி நேரம் போனதுமே தவறவிடுவது கூடிவிட்டது. 1948-இல் வெளியான இந்த முடிவு பல வடிவங்களில் சோதிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

அவர் தீர்வுகளையும் சோதித்தார். அரை மணி நேரம் பார்வை, அரை மணி நேரம் வேறு வேலை என்று மாற்றிவிட்டால் சரிவு வரவில்லை. ஒவ்வொரு முறையும் 'பிடித்தீர்கள்', 'விட்டுவிட்டீர்கள்' என்று உடனுக்குடன் சொன்னாலும் சரிவு வரவில்லை. ஆகவே, கேமரா மானிட்டர் முன்னால் ஒருவரை எட்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பதில் நியாயம் இல்லை. அந்தக் கேள்விக்கு 1948-லேயே பதில் சொல்லியாகிவிட்டது.

நேரத்தோடு இன்னொன்றும் சேர்கிறது. தேடும் பொருள் எவ்வளவு அரிதோ அவ்வளவு தவறவிடுவோம். ஜெரமி வூல்ஃப் குழு 2005-இல், எக்ஸ்ரே பெட்டிச் சோதனை போன்ற தேடல் ஒன்றை வைத்துப் பார்த்தது. பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது தவறவிட்டது 7 சதவீதம். நூறில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 30 சதவீதம். இலக்கு மாறவில்லை, கண் மாறவில்லை. அரிதாக வரும்போது 'இல்லை' என்று முடிவு கட்டித் தேடலை நிறுத்துவது சீக்கிரமாகிவிடுகிறது. விமான நிலையங்களில் திரையில் அவ்வப்போது போலி ஆயுதப் படங்களை நுழைப்பது இதனால்தான். தர ஆய்வு மேசையிலும் இதைச் செய்யலாம்: குறையுள்ள மாதிரிகளை அடையாளம் குறித்துவைத்து, யாருக்கும் தெரியாமல் வரிசையில் கலப்பது. நல்ல வழி, ஆனால் இரண்டு இடத்தில் சொதப்பும். கலந்த மாதிரிகள் எல்லாம் ஒரே அப்பட்டமான குறையாக இருந்தால் ஆட்கள் அதை மட்டும் தேடப் பழகிவிடுவார்கள். கலந்ததை எண்ணித் திரும்ப எடுக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால் போலிக் குறை நிஜமாகவே வாசலைத் தாண்டிப் போய்விடும்.

தூக்கம்: உணர்வும் அளவும் பிரியும் இடம்

தூக்கக் குறைவை அளக்க ஆய்வாளர்கள் பெரும்பாலும் எடுப்பது கடினமான புதிரை அல்ல. இருப்பதிலேயே சலிப்பான சோதனையை. 10 நிமிடம் திரையைப் பார்க்க வேண்டும். 2 முதல் 10 நொடி வரை ஏதோ ஓர் இடைவெளியில் திரையில் எண்கள் ஓடத் தொடங்கும். தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டும். நன்றாகத் தூங்கியவருக்குக் கால் நொடி போலத்தான் ஆகும். 500 மில்லிநொடியைத் தாண்டினால் அதை 'நழுவல்' என்று எண்ணுவார்கள். முக்கியமான எண் சராசரி வேகம் அல்ல, இந்த நழுவல்கள்தான். தூக்கம் போதாதவர் எல்லா முறையும் மெதுவாக அழுத்துவதில்லை. பத்து முறை சரியாக அழுத்துவார், பதினோராவது முறை ஆளே இருக்கமாட்டார். சராசரியை மட்டும் பார்த்தால் அந்தப் பதினோராவது முறை மற்றவற்றில் கரைந்துபோகும். வண்டி ஓட்டுவதில் அந்த ஒரு முறைதான் கணக்கு.

2003-இல் வெளியான ஹான்ஸ் வான் டாங்கன், டேவிட் டிங்கஸ் குழுவின் ஆய்வு இதில் அடிக்கல். ஆரோக்கியமான 48 பேர். ஒரு பிரிவுக்கு இரவுக்கு 8 மணி நேரம் படுக்கை, ஒன்றுக்கு 6, ஒன்றுக்கு 4 என 14 நாள். இன்னொரு பிரிவுக்கு மூன்று இரவு தூக்கமே இல்லை. 6 மணி நேரப் பிரிவின் நழுவல்கள் நாளுக்கு நாள் ஏறி, இரண்டு வாரத்தில் ஓர் இரவு முழுதும் கண்விழித்தவர் அளவுக்கு வந்தன. 4 மணி நேரக்காரர்கள் இரண்டு இரவு விழித்தவர் அளவுக்கு. இதில் தொந்தரவான பகுதி, தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று அவர்களையே கேட்டபோது வந்த பதில். முதல் சில நாள் கூடியது, அப்புறம் பெரிதாகக் கூடவே இல்லை. அளவு சரிந்துகொண்டே போகிறது, ஆளோ 'பழகிடுச்சு' என்கிறார். 'எனக்கு ஆறு மணி நேரம் போதும்' என்று யாராவது சொன்னால், அது அவர் உணர்வைப் பற்றிய செய்தி. அவர் கைவேலையைப் பற்றிய செய்தி ஆகாது.

கண்விழிப்பைப் போதையோடு ஒப்பிட்ட அளவையும் உண்டு. ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997-இல் செய்தது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கண்-கை ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவர்கள் அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 0.10 சதவீத அளவு. காலை ஆறு மணிக்கு எழுந்தவருக்கு 17 மணி நேரம் முடிவது இரவு பதினொன்றுக்கு. அசாதாரண நேரம் ஒன்றும் இல்லை.

நடைமுறைக்கு மூன்று குறிப்பு. இரவு ஷிப்டில் அதிகாலை மூன்றிலிருந்து ஆறு வரை உடல் கடிகாரமே தாழ்ந்திருக்கும். கண்காணிப்பு வேலையையும் திரும்பப் பெற முடியாத வேலையையும் அந்த நேரத்தில் வைக்காதீர்கள். குட்டித் தூக்கம் உதவும், ஆனால் எழுந்த உடனே ஆளைக் கருவி முன் நிறுத்தக்கூடாது. விழித்த மயக்கம் தெளிய அரை மணி நேரம் வரை ஆகலாம், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பினால் இன்னும் கூடுதல். காஃபின் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம், அது பாதியாகக் குறைய பெரும்பாலானவர்களுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும். ஷிப்ட் முடியும் நேரத்தில் குடிக்கும் கடைசிக் கோப்பை அடுத்த தூக்கத்தில் கை வைக்கிறது, அது மறுநாள் நழுவலாக வந்து நிற்கிறது.

மூன்று நொடிக் குறுக்கீடு

படிப்படியாகச் செய்யும் வேலைக்கு எதிரி சோர்வைவிடக் குறுக்கீடு. எரிக் ஆல்ட்மன் குழு 2014-இல் காட்டியது மனதில் நிற்கும்: வரிசை தவறாமல் செய்ய வேண்டிய ஒரு கணினிப் பணியின் நடுவே சராசரி 2.8 நொடிக் குறுக்கீடு வந்தாலே வரிசைப் பிழை இரண்டு மடங்கு. 4.4 நொடி என்றால் மூன்று மடங்கு. 2.8 நொடியில் என்ன நடக்கும்? போன் ஒளிர்ந்தால் அணைப்பது, 'அந்தச் சாவி எங்கே?' என்பதற்குக் கை காட்டுவது. அவ்வளவே. திரும்பி வரும்போது ஆள் வேலையை மறந்திருக்க மாட்டார், எந்தப் படியில் விட்டார் என்பது மட்டும் ஒரு படி முன்னேயோ பின்னேயோ தள்ளியிருக்கும். முடிக்காததை முடித்ததாக நினைப்பதும், முடித்ததை மறுபடி செய்வதும் இங்கேதான் பிறக்கின்றன.

சிட்னியின் இரண்டு மருத்துவமனைகளில் ஜோஹன்னா வெஸ்ட்புரூக் குழு 98 செவிலியர்கள் 4,271 முறை மருந்து கொடுத்ததை உடனிருந்து கவனித்தது. ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் நடைமுறைப் பிழை 12.1 சதவீதமும் மருந்து சார்ந்த பிழை 12.7 சதவீதமும் கூடியது. இதற்குத் தீர்வாக 'குறுக்கிடாதீர்' என்று எழுதிய மேலங்கி பல இடங்களில் முயலப்பட்டது. குறுக்கீடு குறைந்தது. ஆனால் போட்டவர்களுக்கு அது புழுக்கமாக, தொல்லையாக இருந்தது. தீர்வு நல்லதா என்பதோடு, அதைத் தினமும் மாட்டுவார்களா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. விமானத்துறையின் வழி இதைவிட எளிது: 10,000 அடிக்குக் கீழே தேவையில்லாத பேச்சோ வேலையோ கூடாது என்று அமெரிக்காவில் 1981-இலேயே விதி. எந்நேரமும் பேசாதே என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், இந்தக் கட்டத்தில் பேசாதே என்றால் கேட்பார்கள். உங்கள் வேலையின் '10,000 அடி' எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் வேலி போட்டால் போதும்.

குறுக்கீடு வந்தே தீரும் இடங்களில், விட்ட இடத்தைத் தலைக்கு வெளியே வையுங்கள். படியை முடித்த பிறகு டிக் போடுங்கள், தொடங்கும்போது போடாதீர்கள். 'எங்கே விட்டேன்' என்று சந்தேகம் வந்தால் தோராயமாக நடுவிலிருந்து பிடிக்காமல், நிச்சயமாக முடிந்த கடைசிப் படிக்குத் திரும்புங்கள். பட்டியல்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்ச அறுவைச் சிகிச்சைப் பட்டியலை எட்டு மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமானது, வெளியானது 2009-இல். கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் அதைக் கொண்டுவந்த பிறகு பார்த்தால் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை, இது 2014. நிறுத்தி, சத்தமாகப் படித்து, பதில் வாங்கும் பட்டியல் ஒரு ரகம். வேலை முடிந்த பிறகு மொத்தமாக டிக் போட்டு நிரப்பும் பட்டியல் இன்னொரு ரகம். தாளைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்த முடியாது.

சத்தத்தைப் பொறுத்தவரை எத்தனை டெசிபல் என்று கேட்பவர்கள் அதிகம். அலுவலக அளவிலான ஓசையில், மனதில் வரிசையைப் பிடித்து வைக்கும் வேலையைக் கெடுப்பது பேச்சு. மின்விசிறியின் சீரான இரைச்சல் பெரிதாகக் கெடுக்காது. மெல்லிய குரலில் வரும் பேச்சு கெடுக்கும், புரியாத மொழியாக இருந்தாலும் கெடுக்கும். 1976-இல் ஹெர்பர்ட் கோலும் ஆலன் வெல்ஷும் ஜெர்மன் வாசிப்பை ஓடவிட்டு இதைக் காட்டினார்கள். ஓசை மாறிக்கொண்டே இருப்பதுதான் பிரச்சினை. கணக்கு சரிபார்ப்பவருக்குப் பக்கத்தில் பாட்டு வேண்டாம் என்பது இதனால்தான். பொருளை அடுக்குபவருக்குப் பாட்டு இருந்தால் ஒன்றும் குடி முழுகாது.

வெப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுவலக வேலை மிக நன்றாக நடப்பது சுமார் 22 டிகிரி செல்சியஸில் என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள், உடையையும் பழக்கத்தையும் பொறுத்து அது நகரும். மேக்வொர்த்தே தந்தி இயக்குநர்களை வைத்துப் பார்த்தபோது, வெப்பம் ஏற ஏறப் பிழை கூடியது, மிகத் தேர்ந்தவர்களுக்குக் கூடியது குறைவு. பழகிய கைக்கு வெப்பத்தைத் தாங்க மிச்சம் இடம் இருக்கிறது.

பயமுறுத்தினால் வேலை நடக்குமா

இங்கே ஒரு மணி வடிவ வளைவை எல்லாப் பயிற்சி வகுப்பிலும் போடுவார்கள்: அழுத்தம் குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும், நடுவில் உச்சம். கீழே 'யெர்க்ஸ்-டாட்சன் விதி, 1908' என்று இருக்கும். அவர்கள் அளந்தது மனிதர்களையும் அல்ல, மனப்பதற்றத்தையும் அல்ல. எலிகளை. கறுப்பு, வெள்ளைப் பெட்டிகளில் வெள்ளைக்குள் போகக் கற்க வேண்டும், கறுப்புக்குள் போனால் மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக் கூடச் சீக்கிரம் கற்றன. அங்கே வளைவே இல்லை. வேறுபாடு மங்கலானபோதுதான் நடுத்தர அதிர்ச்சி சிறந்ததாக இருந்தது. வகுப்பில் போடும் படம் ஆய்வின் உயிரான பாதியை, அதாவது வேலையின் கடினத்தை, வெட்டிவிட்டது.

மனிதர்களிடமும் அந்தப் பாதிதான் விஷயம். எட்வின் லாக்கும் கேரி லேதமும் இலக்கு பற்றிச் செய்தவை நிறைய. மரம் ஏற்றும் லாரிகளில், சட்டம் அனுமதிக்கும் எடையில் சுமார் 60 சதவீதமே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 'முடிந்தவரை ஏற்றுங்கள்' என்பதை விட்டு '94 சதவீதம்' என்று எண்ணைச் சொன்னதும் சில மாதத்தில் 90 சதவீதத்துக்குப் போனது. தெரிந்த வேலை, செய்ய விருப்பம் மட்டும் போதும். ஆனால் ரூத் கான்ஃபரும் ஃபிலிப் ஆக்கர்மனும் 1989-இல் விமானக் கட்டுப்பாட்டு மாதிரிப் பணியைக் கற்கத் தொடங்கியவர்களுக்கு ஆரம்பத்திலேயே எண் இலக்கைக் கொடுத்தபோது, கற்பதே கெட்டது. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வாரத்திலேயே டார்கெட் கொடுப்பவர்கள் செய்வது இதைத்தான். முதலில் 'இந்த மூன்று வகையைப் பிரித்தறியக் கற்றுக்கொள்' போன்ற கற்றல் இலக்கு, கை பழகிய பிறகு எண்.

திருத்திச் சொல்வதும் தானாக நன்மை செய்துவிடாது. கிளூகரும் டெனிசியும் 1996-இல் 607 விளைவுகளைத் தொகுத்தார்கள். சராசரியில் நன்மை, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறன் இறங்கியிருந்தது. 'நான்காவது படியில் திருகு அரைச்சுற்று கூடுதல்' என்று வேலையைப் பற்றிச் சொன்னால் ஒரு பலன், 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' என்று ஆளைப் பற்றிச் சொன்னால் வேறு பலன். திட்டினால் மறுநாள் சரியாகிறதே என்பார்கள். மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள், திட்டாவிட்டாலும் வழக்கமான அளவுக்குத்தான் திரும்பும். பாராட்டு வாங்கியவர் மறுநாள் சறுக்குவதும் அதே கணக்கு.

பயிற்சியில் ஒரு பொறி உண்டு. ஜான் ஷேவும் ராபின் மார்கனும் 1979-இல் மூன்று வகைக் கையசைவுகளை ஒரு குழுவுக்கு வகை வகையாக, இன்னொன்றுக்குக் கலந்து கற்றுக்கொடுத்தார்கள். பயிற்சியின்போது கலந்தவர்கள் திணறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தால் அவர்களே மேல். பயிற்சி நாளின் மதிப்பெண்ணை வைத்துப் பயிற்றுமுறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டமான முறையைத் தேர்ந்தெடுப்பீர்கள். பயிற்சி முடிந்து ஒரு வாரமாவது கழித்து அளக்க வேண்டும்.

எண்ணாக்கிப் பார்த்தால்

அணு உலை, வேதித் தொழிற்சாலைகளில் மனிதப் பிழையின் வாய்ப்பைக் கணக்கிட முறைகள் இருக்கின்றன. எளிதானது 1980களில் ஜே.சி. வில்லியம்ஸ் உருவாக்கிய 'ஹார்ட்'. வேலையை முதலில் ஒன்பது பொது வகைகளில் ஒன்றில் வைக்க வேண்டும், அதற்கு ஓர் அடிப்படை எண் உண்டு. பிறகு, ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்சப் பெருக்கல் எண் உள்ள 38 பாதக நிலைகளில் எவை பொருந்தும் என்று பார்த்து, ஒவ்வொன்றும் எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதை 0 முதல் 1 வரை மதிப்பிட வேண்டும். பெருக்கல் எண்ணில் ஒன்றைக் கழித்து, மதிப்பீட்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அந்த நிலையின் பங்கு. அடிப்படை எண்ணை இந்தப் பங்குகளால் பெருக்க வேண்டும்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். எழுதிய நடைமுறைப்படி, ஓரளவு சரிபார்ப்போடு, ஒரு கருவியைப் பழைய நிலைக்குத் திருப்புகிற வேலை: அடிப்படை 0.003. பிழையைக் கண்டு திருத்த நேரப் பற்றாக்குறை, உச்சம் 11 மடங்கு, நம் மதிப்பீடு 0.4: (11−1)×0.4+1 = 5. அனுபவமின்மை, உச்சம் 3, மதிப்பீடு 0.5: (3−1)×0.5+1 = 2. மொத்தம் 0.003×5×2 = 0.03. ஆயிரத்துக்கு மூன்றாக இருந்தது நூற்றுக்கு மூன்றாகிவிட்டது. இரண்டு சாதாரண நிலைகள்தான் சேர்ந்தன. நேரப் பற்றாக்குறையை மட்டும் நீக்கினால் 0.006. எதில் முதலில் கை வைப்பது என்பது எண்ணில் தெரிகிறது, இந்த முறையின் உண்மையான பயன் அதுதான். 0.03 என்ற எண்ணையே வேதமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. இந்தப் பட்டியல் தூக்க ஒழுங்கு கெடுவதற்கு 1.1 மட்டுமே தருகிறது. மேலே பார்த்த நழுவல் அளவைகளோடு அது ஒட்டவே இல்லை.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, ஒன்றையே இரண்டு பெயரில் எண்ணுவது. நேரமின்மையால்தான் பதற்றம் என்றால் இரண்டையும் பெருக்கக்கூடாது. தாராளமாகப் பெருக்கினால் வாய்ப்பு ஒன்றைத் தாண்டிவிடும். இதே மாதிரிக் கணக்கிடும் அமெரிக்காவின் 'ஸ்பார்-எச்' முறை இதற்கு ஒரு திருத்தம் வைத்திருக்கிறது. கண்டறியும் வேலைக்கு அடிப்படை 0.01. பெருக்கல் எண்கள்: மிகக் குறைந்த நேரம் 10, மிகுந்த அழுத்தம் 5, மிகுந்த சிக்கல் 5, மூன்றையும் பெருக்கினால் 250. அடிப்படையை இதால் நேராகப் பெருக்கினால் 2.5, அதற்கு அர்த்தமே இல்லை. மூன்றோ அதற்கு மேலோ பாதகம் சேர்ந்தால் 2.5-ஐ (0.01×249+1)-ஆல், அதாவது 3.49-ஆல் வகுக்கச் சொல்கிறது. 0.72 வரும்.

சொந்தமாக அளக்க

மேலே பார்த்த ஒரு முடிவு உங்கள் வேலைக்குப் பொருந்துமா என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரே ஆட்கள், இரண்டு நிலை: பழைய படிவம், புதிய படிவம் என்று வைத்துக்கொள்வோம். வேகத்தையும் பிழையையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஒன்றை மட்டும் அளந்தால் ஆட்கள் மற்றதை விட்டுக்கொடுத்து அதை உயர்த்திவிடுவார்கள். 'வேகமாகவும் சரியாகவும்' என்று பொதுவாகச் சொல்லாமல், எது முக்கியம் என்பதை இரண்டு நிலையிலும் ஒரே சொற்களில் சொல்லுங்கள். முதல் சில முறைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே தெரிவது வெறும் பழகுதல். நேரத்துக்குச் சராசரியைவிட இடைநிலை எண் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) நம்பகமானது, ஆனால் நழுவல்களைத் தனியாக எண்ண வேண்டும்.

இரண்டு நிலையையும் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். அமெரிக்காவின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில், விளக்கொளியை மாற்றினால் உற்பத்தி மாறுமா என்று 1920களில் செய்த புகழ்பெற்ற சோதனையின் பழைய பதிவுகளை ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் 2011-இல் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சோதனை செய்தவர்கள் விளக்குகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றியிருந்தார்கள். திங்களன்று உற்பத்தி கூடியதை விளக்கின் பலன் என்று எண்ணினார்கள். விளக்கு மாற்றாத வாரத்திலும் திங்கள் அப்படித்தான் இருந்தது.

வேலை எவ்வளவு கனமாக இருந்தது என்று ஆட்களையே கேட்க நாசாவின் டிஎல்எக்ஸ் தாள் போதும். 1988-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது, ஆறு கோடுகள்: மனச்சுமை, உடல்சுமை, நேர நெருக்கடி, செயல்திறன், முயற்சி, எரிச்சல். ஐந்து கோடுகளில் வலப்பக்கம் 'அதிகம்'. செயல்திறன் கோட்டில் மட்டும் இடப்பக்கம் நன்று, வலப்பக்கம் தோல்வி. சிலர் அதைத் தலைகீழாகக் குறித்துவிடுவார்கள். கொடுக்கும்போதே விரலால் காட்டிச் சொல்லுங்கள், வாங்கும்போது அந்த ஒரு கோட்டை மட்டும் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

வரிசை கடைசிச் சிக்கல். எல்லோரும் பழையதை முதலில் செய்து புதியதை அடுத்துச் செய்தால், முன்னேற்றம் முழுக்கப் பழக்கத்தினால் வந்ததாக இருக்கலாம். பாதிப் பேருக்குப் பழையது, புதியது, புதியது, பழையது. மீதிப் பேருக்கு அதன் மறுதலை. பெரும்பாலான சோதனைக்கு இது போதும். ஆனால் புதிய படிவத்தைப் பார்த்தவர் அதில் கற்ற ஒரு தந்திரத்தைப் பழைய படிவத்திலும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், பழையது உள்ளதைவிட நன்றாகத் தெரியும், வித்தியாசம் சுருங்கிப்போகும். அப்படி நடக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொருவரும் செய்த முதல் தொகுதியை மட்டும் தனியே எடுத்துப் பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். அதில் வரும் வித்தியாசம் மொத்தக் கணக்கில் வருவதைவிடப் பெரிதாக இருந்தால், ஒரே ஆட்களை வைத்துச் செய்யும் முறையை விட்டுவிட்டு இரண்டு தனிக் குழுக்கள் வைத்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும்.